கால் தரையில் எட்ட வேண்டும் என்று யார் சொன்னது?

கடிதம்

46 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். நான்கு மாதங்களுக்கு முன் புதுச் சைக்கிள் வாங்கி, அலுவலகத்துக்கு அதிலேயே போய்வருகிறார். போக 7 கி.மீ., வர 7 கி.மீ. நேரான ஹேண்டில்பாரும் ஏழு கியரும் உள்ள சைக்கிள். தன் உயரம் 158 செ.மீ., கால்களின் உட்பக்க நீளம் 72 செ.மீ. என்று அளந்தும் குறிப்பிட்டிருக்கிறார்.

வாங்கிய பத்தே நாளில் உட்காருமிடம் வலித்ததால் தடிமனான ஜெல் உறை ஒன்றைச் சீட்டில் மாட்டினார். அதன் பிறகு முன்பக்கம் அழுத்துவதுபோல் இருந்ததால் சீட்டின் மூக்கைக் கீழே சாய்த்தார். இரண்டாம் மாதத்திலிருந்து இரு கைகளிலும் சுண்டு விரல் மரத்துப்போகிறது. இறங்கிய கால் மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. மூன்றாம் மாதத்திலிருந்து முழங்கால் சில்லைச் சுற்றி வலி. படி இறங்கும்போது அதிகம். நிமிர்ந்து உட்கார்ந்தால் முதுகுக்கு நல்லது என்று ஹேண்டில்பாரை முடிந்த மட்டும் உயர்த்தியும் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. மடிக்கணினிப் பை முதுகில். “இந்த வயசுல எதுக்கு இதெல்லாம், முட்டி தேஞ்சிடும்” என்கிறார் கணவர். கடிதத்தின் கடைசி வரிகள் இவை: “காலையில் சைக்கிளில் போகும் அரை மணி நேரம்தான் ஒரு நாளில் எனக்கே எனக்கென்று இருக்கும் நேரம். அதை விட மனமில்லை. என் உடம்பு சைக்கிளுக்கு லாயக்கில்லையா, இல்லை, இந்தச் சைக்கிள் எனக்கு லாயக்கில்லையா? விற்றுவிடட்டுமா?”

பதில்: இயன்முறை மருத்துவர்

அன்புள்ள வாசகிக்கு,

வலியோடு வருகிறவர்கள் பெரும்பாலும் எங்கே வலிக்கிறது என்று மட்டும் சொல்வார்கள். நீங்கள் ஒவ்வொரு வலிக்கும் முன்னால் சைக்கிளில் எதை மாற்றினீர்கள் என்பதையும் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் உங்களை நேரில் பார்க்காமலே ஓரளவு நம்பிக்கையோடு என்னால் பேச முடிகிறது. நான்கு இடத்தில் நான்கு வலி என்றாலும், அவற்றில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்கியிருக்கின்றன. அது உங்கள் கடிதத்தின் நடுவில், போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது: “இரண்டு பாதமும் தரையில் நன்றாக ஊன்றும்படி கடையிலேயே சீட்டை இறக்கி வாங்கிக்கொண்டேன், அதனால் விழும் பயம் இல்லை.”

சைக்கிள் வாங்கப் போகும் எவரிடமும் முதலில் கேட்கப்படுவது “கால் எட்டுதா?” என்பதுதான். பழகும் குழந்தைக்கு அது சரியான கேள்வி. தினமும் 14 கி.மீ. மிதிப்பவருக்கு அது தவறான அளவுகோல். பெடல் அதன் சுற்றில் மிகக் கீழே வரும்போதுகூட, சாதாரண சைக்கிளில் அது தரைக்கு மேல் ஏறத்தாழ 10 செ.மீ. உயரத்தில்தான் நிற்கும். சீட்டில் உட்கார்ந்தபடி பாதம் முழுவதும் தரையில் பதிகிறது என்றால், கால் பெடலின் அடிப்புள்ளியில் இருக்கும்போது அந்த 10 செ.மீ. அளவுக்கு மடங்கித்தான் இருக்க முடியும். பெடல் மேலே வரும்போது முழங்கால் இன்னும் ஆழமாக மடங்கும். ஆழமாக மடங்கிய முழங்காலை அழுத்தி நீட்டும் ஒவ்வொரு முறையும் சில்லு தொடையெலும்பின் மேல் பலமாக அழுந்துகிறது. நிமிடத்துக்கு 60 சுற்று என்று வைத்துக்கொண்டாலும் அரை மணிப் பயணத்தில் ஒவ்வொரு முழங்காலும் 1,800 முறை இதைச் செய்கிறது. சில்லைச் சுற்றி வலிப்பதும், படி இறங்கும்போது அது கூடுவதும் இந்தக் கதையோடு நன்றாகப் பொருந்துகின்றன.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். சைக்கிள் மிதித்தால் முட்டி தேயும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை. உடல் எடையின் பெரும்பகுதியைச் சீட் தாங்கிக்கொள்வதால், முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கே நாங்கள் நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிளைப் பயிற்சியாகத் தருகிறோம். அவர்களை ஏற்றி உட்காரவைக்கும் முன் முதலில் செய்வது சீட் உயரத்தைச் சரிபார்ப்பதுதான். அந்த ஒரு வேலை உங்களுக்கு நடக்கவில்லை.

சீட்டை எவ்வளவு உயர்த்துவது

கணக்குகள் இருக்கின்றன. 1986, 1989, 1990 ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற கிரெக் லெமாண்டால் பரவலான முறை ஒன்று: கால் உட்பக்க நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால், கிராங்க் (பெடலைத் தாங்கிச் சுழலும் கம்பி) சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் வரும். உங்கள் 72 செ.மீ.க்கு அது 63.6 செ.மீ. 1967-இல் வெளியான ஓர் ஆய்வைத் தொட்டு வந்த இன்னொரு முறை, கீழே இருக்கும் பெடலிலிருந்து சீட் வரை கால் நீளத்தில் 109 சதவீதம் என்கிறது. 17 செ.மீ. கிராங்கைக் கழித்தால் உங்களுக்கு 61.5 செ.மீ. ஒரே காலுக்கு இரண்டு கணக்கும் 2 செ.மீ.க்கு மேல் வேறுபடுவதைப் பாருங்கள். இவை வேகத்தையும் சக்தியையும் மனதில் வைத்துப் பிறந்தவை. செருப்பின் தடிமன், பாதத்தை வைக்கும் விதம், உடல் வளையும் தன்மை எதுவும் இவற்றில் இல்லை. நானே ஒரு காலத்தில் சூத்திரத்தை நம்பிச் சீட்டை வைத்து, இரண்டு வாரத்தில் முழங்காலின் பின்பக்கம் வலி வந்து, 1 செ.மீ. இறக்கிய பிறகுதான் தீர்ந்தது.

எனவே உங்களுக்குக் குதிகால் முறையைச் சொல்கிறேன். அலுவலகத்துக்குப் போடும் அதே காலணியை அணிந்துகொள்ளுங்கள். ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, அல்லது நீங்களே சுவரில் கை ஊன்றி, சீட்டில் இடுப்பு சாயாமல் உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பெடல் கீழே வரும்போது முழங்கால் நேராகி, குதிகால் பெடலை விட்டு விலகாமல் இருந்தால் அதுதான் உங்கள் உயரம். பிறகு வழக்கம்போல் முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் 25 முதல் 35 டிகிரி வரை மடிப்பு மிஞ்சும். அதுதான் நமக்கு வேண்டியது.

ஆனால் ஒரே நாளில் அங்கே போய்விடாதீர்கள். என் கணிப்பில் உங்கள் சீட் இருக்க வேண்டிய இடத்துக்கு 10 செ.மீ. வரை கீழே இருக்கிறது. முதலில் 2 செ.மீ., நான்கைந்து நாள் ஓட்டம், பிறகு இன்னொரு 2 செ.மீ. என்று ஏறுங்கள். நெருங்கிவிட்டோம் என்று தோன்றும்போது 5 மி.மீ. அளவில் மாற்றினால் போதும். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை உடம்பே காட்டிவிடும். முழங்காலின் பின்பக்கம் இழுத்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினாலோ உயரம் கூடிவிட்டது என்று பொருள். பின்னால் வரும் ஒருவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் அவர் கண்ணுக்கு உடனே தெரியும். சீட்டைத் தாங்கும் குழாயான சீட் பில்லரில் ஒரு எல்லைக் கோடு பொறித்திருக்கும். அது ஒருபோதும் பிரேமுக்கு வெளியே தெரியக் கூடாது. அந்தக் கோடு வரை ஏற்றியும் உயரம் போதவில்லை என்றால், அதே விட்டமுள்ள நீளமான பில்லர் வாங்கிப் போடலாம். விட்டத்தின் அளவு பெரும்பாலும் பில்லரிலேயே, 27.2 என்பதுபோல மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும்.

அப்படியானால் எப்படி நிற்பது?

உங்கள் பயம் இங்கேதான் இருக்கிறது, அது நியாயமான பயம். சிக்னலில் பின்னால் பேருந்து உறுமிக்கொண்டு நிற்கும்போது கால் எட்டவில்லை என்றால் யாருக்கும் கை நடுங்கும். ஆனால் நன்றாக ஓட்டுகிறவர்களைக் கவனியுங்கள்: அவர்கள் சீட்டில் உட்கார்ந்தபடி நிற்பதில்லை. நிற்கும் முன்பே சீட்டை விட்டு முன்னால் இறங்கிவிடுகிறார்கள்.

நிற்கப் போகும் இடம் தெரிந்ததும் லேசான கியருக்கு மாறுங்கள். வேகம் குறைந்ததும் ஒரு பெடலைக் கீழே கொண்டுவந்து அந்தக் காலில் எடையைப் போட்டு, சீட்டிலிருந்து எழுந்து முன்னால் நகருங்கள். இப்போது நீங்கள் பெடலின் மேல் நிற்கிறீர்கள். சைக்கிள் நிற்கிற நொடியில் மறுகால் தரைக்கு வரும். புறப்படும்போது சீட்டுக்கு முன்னால் நின்றபடியே ஒரு பெடலை முன்பக்கம், சற்று மேலே கொண்டுவந்து வைத்து, அதை அழுத்தி எழுந்தால் சைக்கிள் நகரும்போதே சீட் உங்களுக்குக் கீழே வந்துவிடும். ஆளில்லாத இடத்தில் ஒரு விடுமுறை நாள் காலையில் முப்பது முறை செய்து பாருங்கள். முதல் பத்து முறை தடுமாறும். அதற்காகச் சீட்டை மறுபடி இறக்கிவிட வேண்டாம்.

இது கைவரும் வரை நெரிசல் சாலைக்கு உயர்ந்த சீட்டோடு போகாதீர்கள். கைவந்த பிறகும், வழியெல்லாம் நின்று நின்று போக வேண்டியிருந்தால், சரியான உயரத்துக்கு 2 செ.மீ. கீழே வைத்துக்கொள்வதில் தவறில்லை. அதனால் முழங்காலுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. பயமில்லாமல் ஓட்டுவதும் வசதியின் ஒரு பகுதிதான்.

மெத்தை செய்த வேலை

சீட்டில் நம்மைத் தாங்க வேண்டியவை இடுப்புக்கூட்டின் அடியிலுள்ள இரண்டு எலும்பு முனைகள். கடினமான பலகையில் உட்கார்ந்தால் தட்டுப்படுமே, அவைதான். புதிதாக ஓட்டுபவருக்கு முதல் இரண்டு மூன்று வாரம் அங்கே வலிப்பது இயல்பு. விட்டு விட்டு ஓட்டினால் பழகிவிடும். நீங்கள் பத்தாம் நாளே மெத்தை போட்டுவிட்டீர்கள். தடித்த ஜெல்லில் அந்த எலும்புகள் அமிழ்ந்துவிடும். பிதுங்கிய ஜெல் நடுவில் மேலெழும்பி, எடை தாங்கவே கூடாத மென்மையான பகுதியை அழுத்தும். அங்கே ரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன. நீங்கள் எழுதக் கூச்சப்பட்ட அந்த அழுத்தம் அதுதான். அதைப் பற்றி மருத்துவரிடம் பேசக் கூச்சமே வேண்டாம்.

அதற்கு நீங்கள் கண்ட தீர்வுதான் கைகளுக்கு வினையானது. மூக்கு கீழே சாய்ந்த சீட்டில் உடம்பு ஓயாமல் முன்னால் வழுக்கும். வழுக்காமல் இருக்க, உங்களை அறியாமலே அரை மணி நேரமும் கைகளால் ஹேண்டிலைத் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளங்கையின் அடியில், சுண்டு விரல் பக்கமாக அல்நார் நரம்பு மணிக்கட்டைக் கடந்து போகிறது. சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்வு தருவது அது. ஹேண்டிலின் அழுத்தம் நேராக அதன் மேல் விழுகிறது. சைக்கிள் ஓட்டுபவர்களிடம் இது அடிக்கடி காணும் தொல்லை.

உறையைக் கழற்றிவிடுங்கள். சீட்டின் மேல் ஒரு தடித்த புத்தகத்தை நீளவாக்கில் வைத்துப் பார்த்து மட்டமாக்குங்கள். முன்பக்கம் இன்னும் அழுத்தினால் ஓரிரு டிகிரி மட்டும் சாய்க்கலாம். இரண்டு வாரத்துக்குப் பின்னும் உறுத்தினால் சீட்டையே மாற்றுவது உறையைவிட நல்ல செலவு. எந்த அகலம் வேண்டும் என்று தெரிந்துகொள்ள, ஒரு கடினமான ஸ்டூலில் அட்டைப்பெட்டியின் துண்டைப் போட்டு, அதன் மேல் சற்று முன்னால் குனிந்து உட்கார்ந்து எழுந்திருங்கள். அட்டையில் இரண்டு குழி விழுந்திருக்கும். அவற்றின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரத்தோடு 2 முதல் 3 செ.மீ. கூட்டினால் சீட்டின் பின்பகுதி இருக்க வேண்டிய அகலம் கிடைக்கும். நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட் உங்கள் தொல்லைக்கு உதவக்கூடும், ஆனால் எல்லோருக்கும் ஒத்துவராது. உட்கார்ந்து ஓட்டிப் பார்த்து, ஒத்துவரவில்லை என்றால் மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நிமிர்ந்து உட்கார்ந்தால் முதுகுக்கு நல்லதா?

நாற்காலியில் சொல்லப்படும் அறிவுரையை நீங்கள் சைக்கிளுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். நாற்காலி குலுங்குவதில்லை. சைக்கிளில் நேர்குத்தாக உட்கார்ந்தால் எடை முழுவதும் சீட்டில் இறங்கும். சாலையின் ஒவ்வொரு பள்ளமும் முதுகுத்தண்டின் வழியே நேராக மேலேறும். உடம்பு சற்று முன்னால் சாய்ந்திருந்தால் எடை சீட், கை, பெடல் மூன்றுக்கும் பங்கிடப்படும். அதிர்ச்சியில் ஒரு பங்கைக் கைகளும் கால்களும் வாங்கிக்கொள்ளும். பந்தய வீரர்போலக் குனியத் தேவையில்லை. ஹேண்டில் சீட்டின் மட்டத்திலோ, அதைவிட 2 முதல் 5 செ.மீ. உயரமாகவோ இருந்தால் தினசரிப் பயணத்துக்குப் போதும். சாயும்போது இடுப்பு மூட்டிலிருந்து சாயுங்கள். நடுமுதுகைக் கூன்போட்டால் வலி வேறு இடத்துக்கு மாறும், அவ்வளவே.

இதற்காக நீங்கள் ஹேண்டிலை இறக்க வேண்டியதில்லை. சீட் 8, 10 செ.மீ. ஏறும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தானாகக் குறைந்துவிடும். ஆனால் இன்றே ஒன்றைப் பார்த்துவிடுங்கள். “முடிந்த மட்டும் உயர்த்தினேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் என்ற கம்பி, மேலே ஒற்றை போல்ட்டைத் தளர்த்தித் தூக்கும் வகை என்றால், சீட் பில்லரைப் போலவே அதிலும் எல்லைக் கோடு உண்டு. அது வெளியே தெரிந்தால், கோடு மறையும் வரை இறக்கி இறுக்கிய பிறகே சைக்கிளை எடுங்கள். ஓடும்போது ஸ்டெம் உடைந்தாலோ கழன்றாலோ கையில் எதுவும் மிஞ்சாது. இந்தக் கடிதத்தில் வலியைவிட என்னைக் கவலைப்படவைத்தது இதுதான்.

கைகளுக்கு இன்னும் இரண்டு விஷயம். முழங்கையை விறைப்பாக நீட்டாமல் லேசாக மடக்கிவையுங்கள். பிரேக் லீவரில் விரல் வைக்கும்போது முன்கையும் மணிக்கட்டும் ஒரே கோட்டில் வரும்படி லீவரைத் திருப்பச் சொல்லுங்கள். ஒரு ஸ்பேனர் வேலைதான். சீட் உயர்ந்தபின் கைகளுக்கு எடை கூடுவதாகத் தோன்றினால், உள்ளங்கை படியுமாறு பின்பக்கம் அகன்றிருக்கும் கிரிப் போடலாம்.

மடிக்கணினியைக் கேரியரில் ஏற்றுங்கள். முதுகில் சுமக்கும் ஒவ்வொரு கிலோவும் சீட்டிலும் உள்ளங்கையிலும் இறங்குகிறது. டயரைக் கல்லாக அடிக்க வேண்டாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச, அதிகபட்சக் காற்றழுத்த எல்லைக்குள், இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவைவிடச் சற்றுக் குறைவாக வைத்துப் பாருங்கள். கியர் பற்றி, “கனமான கியரில் மெதுவாக மிதித்தால் கால் வலுவாகும்” என்று எழுதியிருந்தீர்கள். இப்போதைய நிலையில் அது சில்லின் மேல் அழுத்தத்தைத்தான் கூட்டுகிறது. 15 விநாடியில் ஒரு முழங்கால் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். 15-க்குக் கீழே இருந்தால் கியரை லேசாக்குங்கள். 17, 18 வந்தால் நல்லது.

தள்ளிப்போடக் கூடாதவை

உங்கள் விரல் கால் மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. அதனால் முதலில் சைக்கிளைச் சரிசெய்வோம் என்கிறேன். மரத்துப்போவது மறுநாளும் இருந்தாலோ, விரல்களை விரிக்கவும் சாவியைத் திருப்பவும் பலம் குறைந்தாலோ காத்திருக்க வேண்டாம்; நரம்பு நாளடைவில் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். முழங்கால் வீங்குவது, மடங்கிய நிலையில் பூட்டிக்கொள்வது, நடக்கும்போது திடீரென விட்டுக்கொடுப்பது, ஓய்விலும் இரவிலும் வலிப்பது ஆகியவற்றைச் சீட் உயரத்தின் கணக்கில் போடாதீர்கள். எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். இடுப்பு வலி காலில் இறங்கி பலவீனம் தந்தாலோ, தொடைகளின் உட்பக்கம் உணர்வு குறைந்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

விற்கலாமா?

இப்போது வேண்டாம். நீங்கள் இன்னும் இந்தச் சைக்கிளைச் சரியாக உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கவே இல்லை. முதல் இரண்டு வாரம் முழங்காலுக்கு இடைவெளி கொடுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாமல், உறையும் மூக்குச் சாய்வும் முதல் வாரம், சீட் உயரம் அதிலிருந்து படிப்படியாக, பிறகு கைகள் என்று போங்கள். எது உதவியது என்று அப்போதுதான் தெரியும். மாற்றும் முன் பழைய உயரத்தைப் பில்லரில் டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள்.

ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பின், சீட்டும் ஹேண்டிலும் சொன்ன இடத்தில் இருந்தும், ஹேண்டிலைப் பிடிக்கக் கையை முழுதாக நீட்டி எட்ட வேண்டியிருந்தால் பிரேம் உங்களுக்கு நீளம். குட்டையான ஸ்டெம் போட்டுப் பார்க்கலாம். அதிலும் தீராவிட்டால் வேறு அளவு பார்ப்பது நியாயம்தான். அப்போது முன்கம்பி தாழ்ந்த பிரேமையும் ஓட்டிப் பாருங்கள். சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்பது அதில் எளிது. சைக்கிளில் உடலமைப்பைப் பொருத்தித் தரும் பயிற்சி பெற்றவர் கிடைத்தால் ஒருமுறை காட்டுவது, புதுச் சைக்கிள் வாங்குவதைவிடக் குறைந்த செலவில் முடியும்.

எட்டு வாரம் கழித்து எழுதுங்கள். படி இறங்கும்போது முழங்கால் எப்படி இருக்கிறது, எந்த விரல் எத்தனை நிமிடம் மரத்தது, சீட் உயரம் எத்தனை செ.மீ.யில் நின்றது என்ற மூன்றையும் குறித்து அனுப்பினால் அங்கிருந்து மேலே பேசலாம்.